பட்டாளத்து லாரி டிரெய்லர் இழுக்குமா? பழவேற்காட்டு மணலில் பலிக்குமா?

ஏலத்தில் மலிவு! ரோட்டில் ஆபத்து! வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

(நமது நிருபர்)

பட்டாளத்தில் ஓடிக் களைத்த லாரி ஏலத்துக்கு வருகிறது.

பச்சைப் பெயிண்ட். ஆளுயர டயர். முன்சக்கரமும் இழுக்கும், பின்சக்கரமும் இழுக்கும். மலையில் ஏறிய வண்டி, பாலைவனத்தில் ஓடிய வண்டி. விலையோ புது லாரியின் விலையில் சின்னப் பங்குதான்!

பார்த்தவருக்கு ஆசை வராமல் இருக்குமா?

"இதை வாங்கி ஒரு டிரெய்லரை மாட்டினா படகு, ஐஸ், மீன் எல்லாத்தையும் ஒரே நடையில இழுத்துடலாமே!" என்று மனசு கணக்குப் போடும்.

பழவேற்காடு மாதிரி ஊரில் இந்த ஆசை இன்னும் கூடுதலாக வரும். காரணம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கில் மூன்று விஷயங்கள் விட்டுப் போகின்றன. ஒன்று மணல். இரண்டு பிரேக். மூன்று காகிதம்.

இந்த மூன்றில் எது இடித்தாலும் போட்ட பணம் அம்போ! சில சமயம் உயிரும் அம்போ!

சுமை ஊர்

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோ மீட்டரில் பழவேற்காடு. பொன்னேரியில் ரெயிலை விட்டு இறங்கினால் அப்புறம் பஸ்தான், வண்டிதான்.

இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் ஒடிசாவின் சிலிக்கா முதலாவது. பழவேற்காடு இரண்டாவது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. தெற்கு ஓரமும் கடல் முகத்துவாரமும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்.

கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், வைரவன்குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம் என்று ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் குப்பங்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

இங்கே பிழைப்பு என்றால் சுமைதான். விடியலில் ஐஸ் உள்ளே வரவேண்டும். இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும் வெளியே போகவேண்டும். நடுவில் வலை, எஞ்சின், டீசல் கேன். படகு பழுதானால் படகையே தூக்க வேண்டும்.

நேரம் தப்பினால் மீன் கெட்டது. மீன் கெட்டால் விலை விழுந்தது. ஒரு மணி நேர தாமதத்துக்கு ஒரு குடும்பத்தின் அன்றைய கூலியே போய்விடும்.

ஒரு காலத்தில் இந்தச் சுமையெல்லாம் பக்கிங்காம் கால்வாயில் போனது. 1806-ல் வெட்ட ஆரம்பித்த கால்வாய் அது. 1870-களின் பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலையாக நீட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரும் ஒட்டிக்கொண்டது.

உப்பும் விறகும் மீனும் ஏற்றிய படகுகள் அதில் சென்னைப் பேசின் பிரிட்ஜ் வரை வந்தன. 1960-களின் புயல்கள் கால்வாயை நாசம் செய்தன. லாரிப் போட்டி மீதியை முடித்தது. தண்ணீரில் போன சுமை ரோட்டுக்கு ஏறியது. அன்று முதல் "எந்த வண்டி?" என்ற கேள்வியும் ஏறியது.

அக்கம் பக்கமெல்லாம் பட்டாளம்!

பழவேற்காட்டைச் சுற்றிப் பாருங்கள். பட்டாளத்து வண்டியின் சரித்திரமே இந்தப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

பொன்னேரி போகும் வழியில் சோழவரம். இரண்டாம் உலகப் போரில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்ததும் விமானம் போய்விட்டது. ஓடுதளம் சும்மா கிடந்தது. 1950-களில் அதில் கார் பந்தயம் விட ஆரம்பித்தார்கள்! 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி மைதானம் வரும் வரை சோழவரம்தான் பந்தயக்காரர்களின் கோவில்.

பட்டாளம் விட்டுப் போனதை ஜனங்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

தெற்கே எண்ணூர். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் அங்கே தொடங்கியது. 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. இன்று ராணுவத்தில் அதிகம் ஓடும் லாரிகளில் ஒன்றான ஸ்டாலியன் இந்தக் கம்பெனியின் சரக்குதான்.

மேற்கே ஆவடி. கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-ல் விஜயந்தா டாங்கி உருளத் தொடங்கியது. பிறகு அஜேயா, அர்ஜுன் என்று வரிசை.

ஆக, பட்டாளத்து வண்டி நமக்கு அந்நியம் இல்லை. ஏலத்தில் எடுத்து ஓட்டுவதும் புதுசு இல்லை.

1945-ல் என்ன நடந்தது?

போர் முடிந்தபோது இந்தியாவில் வெள்ளைக்காரப் படையும் அமெரிக்கப் படையும் விட்டுப்போன வண்டிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. போர்டு, செவர்லே, டாட்ஜ், ஜி.எம்.சி. லாரிகள், வில்லீஸ் ஜீப்புகள்.

ஜி.எம்.சி.யின் இரண்டரை டன் லாரியை மட்டும் அமெரிக்கா போர்க் காலத்தில் 5 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியது. அஸ்ஸாமின் லெடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனா போன ரோட்டில் 1945-ல் ஓடியவை இந்த மாதிரி வண்டிகள்தான்.

அவற்றில் ஏராளமானவை ஏலத்துக்கு வந்தன. எடுத்தவர்கள் சும்மா இருந்தார்களா? லாரிச் சேஸின் மேல் மரக்கூண்டு கட்டி பஸ் ஆக்கினார்கள். மரம் ஏற்றினார்கள், நெல் ஏற்றினார்கள். பெட்ரோல் எஞ்சின் காசைக் குடிக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டினார்கள். சென்னை சிம்ப்சன் கம்பெனி 1950-களின் தொடக்கத்தில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் செய்ய ஆரம்பித்தது அதற்குத் தோதாகப் போயிற்று.

பிலிப்பைன்ஸ் நாட்டில் இதே கதை. மிச்சம் விழுந்த ஜீப்பை நீட்டி, பெஞ்சு போட்டு, கலர் அடித்து "ஜீப்னி" என்று ஷேர் வண்டி ஆக்கிவிட்டார்கள்!

நம் நாட்டில் அடுத்த தலைமுறை வண்டி சக்திமான். ஜெர்மனியின் மான் கம்பெனி லைசென்சில் 1959 முதல் ஜபல்பூரில் செய்தார்கள். பட்டாளம் கழித்துவிட்ட பிறகும் வடகிழக்கு மலைப்பகுதிகளில் சக்திமான் மரமும் கல்லும் சுமந்தது.

இதையெல்லாம் கேட்டால் "அப்போ நாமும் வாங்கலாமே!" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

சுமப்பது வேறு, இழுப்பது வேறு!

மேலே சொன்ன வண்டிகள் எல்லாம் முதுகில் சுமந்தவை. டிரெய்லர் இழுப்பது வேறு வித்தை.

மீஞ்சூர், காட்டுப்பள்ளி ரோட்டில் கன்டெய்னர் வண்டி போவதைப் பார்க்காதவர் உண்டா? முன்னால் குட்டி லாரி. அதற்கு முதுகே இல்லை. பின்னால் நாற்பது அடி நீள டிரெய்லர். லாரியின் பின்பக்கத்தில் தட்டு மாதிரி ஒன்று இருக்கும். அதைத்தான் "ஃபிப்த் வீல்" என்பார்கள். டிரெய்லரின் அடியில் தொங்கும் இரும்பு முளை அந்தத் தட்டின் வாயில் போய்ப் பூட்டிக்கொள்ளும். அது "கிங் பின்".

டிரெய்லரின் எடையில் ஒரு பங்கு லாரியின் மேல் உட்காரும். அந்த அழுத்தத்தால்தான் சக்கரத்துக்குப் பிடிப்பு.

பட்டாளத்தில் ஓடும் சக்திமானுக்கும் ஸ்டாலியனுக்கும் இந்தத் தட்டு கிடையாது. அவை சுமை லாரிகள். பின்னால் ஒரு கொக்கி உண்டு. பீரங்கி, தண்ணீர் வண்டி இழுக்க அது போதும். கன்டெய்னர் டிரெய்லருக்குப் போதாது.

டாங்கி ஏற்றும் டிரெய்லரை இழுக்கிற ராட்சச லாரிகளும் உண்டு. பெமல் கம்பெனியின் டாட்ரா மாதிரி. அதில் தட்டு உண்டு. ஆனால் அங்கேதான் வேடிக்கை!

உலகத்தில் கிங் பின் இரண்டு சைஸ். ஒன்று 2 அங்குலம். மற்றது மூன்றரை அங்குலம். கன்டெய்னர் டிரெய்லருக்கு 2 அங்குலம். டாங்கி ஏற்றும் பெரிய டிரெய்லருக்கு மூன்றரை.

மூன்றரை அங்குல வாயில் 2 அங்குல முளையை மாட்டினால் என்னாகும்? முதல் பள்ளத்தில் குதிக்கும். இரண்டாவது பள்ளத்தில் கழன்றுகொள்ளும்!

உயரமும் தகராறு. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி தரையிலிருந்து தூக்கலாக நிற்கும். அதில் சாதாரண டிரெய்லரை மாட்டினால் டிரெய்லரின் மூக்கு மேலே போகும், வால் கீழே போகும். எடையெல்லாம் பின்னச்சில் குவியும். கன்டெய்னரின் முன்முனை ரெயில்வே சப்வேயில் இடிக்கும்.

வெளிநாட்டுக்காரன் என்ன செய்தான்?

வேல்ஸ் நாட்டு நியூபோர்ட் ஊரில் வின்ஸ் என்று ஒரு கனரக லாரிக் கம்பெனி இருந்தது. போர் முடிந்த பிறகு, அமெரிக்கப் பட்டாளத்தில் டாங்கி இழுத்த "பசிபிக்" லாரிகளை வாங்கியது.

அப்படியே ஓட்டினார்களா? இல்லை! கவசத் தகட்டுக் கூண்டைப் பிடுங்கினார்கள். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் வைத்தார்கள். பின்னால் இரும்புப் பெட்டி கட்டி அதில் பாரம் ஏற்றினார்கள். சக்கரம் வழுக்காமல் இருக்க அந்தப் பாரம். அதன் பிறகே மின் நிலையங்களுக்கு டிரான்ஸ்பார்மர் இழுத்தார்கள்.

"டயமண்ட் டி" என்ற இன்னொரு டாங்கி இழுப்பு லாரியையும் பிரிட்டனில் பல கம்பெனிகள் இப்படி வருஷக்கணக்கில் ஓட்டின.

பாடம் என்ன? மிச்ச வண்டி மலிவு. அதை இழுக்கிற வண்டி ஆக்கும் செலவு மலிவு இல்லை. பெரிய பட்டறை, படித்த எஞ்சினீயர், கை நிறையப் பணம் எல்லாம் வைத்திருந்தவனுக்குத்தான் லாபம்.

உயிரை வாங்கும் "பிரேக் அவிழ்ப்பு"

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

டிரெய்லரின் பிரேக் காற்றில் வேலை செய்கிறது. லாரியிலிருந்து இரண்டு குழாய் பின்னால் போகும். ஒன்று டிரெய்லரின் டாங்கியில் காற்று நிரப்ப. மற்றது டிரைவர் மிதித்ததைச் சொல்ல.

குழாய் கழன்றால் டிரெய்லர் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு.

பழைய ராணுவ லாரிகள் பலவற்றில் பிரேக் எண்ணெயில் வேலை செய்யும். பின்னால் கொடுக்க அதில் காற்றே இல்லை! சிலவற்றில் காற்று உண்டு, ஆனால் குழாய் வாய் பொருந்தாது.

அப்போது அரைகுறை மெக்கானிக் என்ன சொல்வார் தெரியுமா?

"டிரெய்லர் பிரேக்கை அவுத்து விட்டுடலாம் அண்ணே! முன்வண்டி பிரேக்கே போதும்!"

இதைச் சொன்னால் அந்தப் பட்டறையை விட்டு ஓடி வந்துவிடுங்கள்!

லாரி நின்றாலும் பின்னால் வருகிற சுமை நிற்காது. லாரியின் முதுகைத் தள்ளும். லாரி குறுக்கே திரும்பும். மடக்குக் கத்தி மடங்குவது போல வண்டி மடங்கும். டிரெய்லர் வால் ரோடு முழுக்கப் பெருக்கிக்கொண்டு போகும். எதிரே பஸ் வந்தால்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வந்தால்?

லைட்டும் ஒரு பிரச்சினை. பட்டாளத்து வண்டிகளில் பெரும்பாலும் 24 வோல்ட் கரண்ட். சின்ன டிரெய்லர்களில் 12 வோல்ட் பல்ப் இருக்கும். மாட்டிய உடனே பல்ப் காலி! பிரேக் லைட் எரியாத டிரெய்லர் ராத்திரியில் போனால் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரனுக்கு எமன்.

மணல் செய்யும் மாயம்

"ரோட்டில் வேண்டாம்யா, மணலில் மட்டும் ஓட்டுறோம். படகு இழுக்கிறோம்" என்று சொல்லலாம். அதையும் பார்த்துவிடுவோம்.

பட்டாளத்து லாரி மணலில் ஏறுவது உண்மை. ரகசியம் இரண்டு. எல்லாச் சக்கரமும் இழுக்கும். டயர் அகலம், காற்றைக் குறைத்து ஓட்டலாம். சாதாரண லாரி டயரில் 100 பவுண்டு அளவில் காற்று இருக்கும். மணலுக்கு அதைப் பாதிக்கும் கீழே இறக்கினால் டயர் பரந்து படுத்துக்கொள்ளும். ஒட்டகப் பாதம் மாதிரி!

ஆனால் டிரெய்லருக்கு?

அதன் சக்கரம் சுற்ற எஞ்சின் இல்லை. டயர் குறுகல். சுமை முழுக்க அதன் மேல். மணலில் அது உருளாது, உழும்! லாரி முன்னே இழுக்க இழுக்க டிரெய்லர் அச்சு வரை புதையும். கடைசியில் லாரியையும் கீழே இழுத்துவிடும்.

லாரி ஏறும். டிரெய்லர் புதையும். பழவேற்காட்டு மணலில் இதுதான் நியாயம்.

இதற்குப் பெரிய சாட்சி ஏரியின் கிழக்கே இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா! 1971 அக்டோபர் 9-ந் தேதி அங்கிருந்து முதல் ராக்கெட் பாய்ந்தது. மகேந்திரகிரியிலிருந்து ராக்கெட்டின் திரவ எரிபொருள் அடுக்குகளும் பெங்களூரிலிருந்து செயற்கைக்கோள்களும் டிரெய்லரில்தான் அங்கே போகின்றன. 2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்பியதும் அந்தத் தீவிலிருந்துதான்.

எந்த வழியாக? சூளூர்பேட்டையிலிருந்து பழவேற்காடு ஏரியின் குறுக்கே உயர்த்திப் போட்ட ரோடு வழியாக.

சந்திரனுக்குப் போகிற சரக்காக இருந்தாலும் டிரெய்லருக்குக் கெட்டியான ரோடு வேண்டும். மணலில் இழுக்க அவர்களும் துணியவில்லை!

அடுத்தது உப்பு. உப்பங்கழித் தண்ணீர் பிரேக்கையும் பேரிங்கையும் ஒயரையும் தின்னும். தினமும் நல்ல தண்ணீரில் அடிச்சேஸைக் கழுவ வேண்டும். குடிக்கவே நல்ல தண்ணீருக்கு அலைகிற குப்பத்தில் லாரிக்கு எங்கே போவது?

இன்னொன்று. ஏரி பறவைகள் சரணாலயம். பூநாரை வந்து இறங்குகிற இடம். கடற்கரையில் ஜனவரிக்குப் பிறகு ஆமை முட்டையிடும் காலம். கனரக லாரியை நினைத்த இடத்தில் இறக்கினால் வனத்துறை கேஸ் வீட்டு வாசலுக்கு வரும்.

காகிதம் இல்லாவிட்டால் காயலான் கடை!

ராணுவ வண்டியின் நம்பர் பிளேட்டில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி இருக்கும். அந்த நம்பருக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் கணக்கு கிடையாது.

1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-வது பிரிவு பட்டாளத்து வண்டிக்குத் தனிப் பதிவு தருகிறது. வண்டி மத்திய அரசின் கையை விட்டுப் போன நிமிஷமே அந்தச் சலுகை முடிந்தது. அப்புறம் எல்லோரையும் போல 39, 40-வது பிரிவுகளில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்.

அதற்கு ராணுவ அதிகாரி தரும் அசல் விற்பனைச் சான்று வேண்டும். 21-ம் நம்பர் படிவம். ஏலம் எடுத்தவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று கைமாறி வந்த வண்டியில் முதலில் காணாமல் போவது இந்தக் காகிதம்தான்!

ராணுவக் கிடங்குகளின் ஏலம் இப்போது பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனத்தின் மின் ஏலத்தில் நடக்கிறது. ஏல அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள். வண்டியாக விற்கிறார்களா, உடைப்பு இரும்பாக விற்கிறார்களா? உடைப்பு என்று இருந்தால் அதற்கு ஆர்.சி. புக் கனவிலும் கிடைக்காது. புதுப்பேட்டைக்கு உதிரி பாகமாகப் போகத்தான் லாயக்கு.

சேஸை வெட்டி, தட்டு வைத்து, இழுக்கும் லாரியாக மாற்றப் போகிறீர்களா? 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். கம்பெனி செய்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை அடித்துச் சொல்லிவிட்டது.

டிரெய்லருக்கும் தனி ஆர்.சி., தனி இன்சூரன்ஸ் உண்டு. சட்டத்தின் கண்ணில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். இது பலருக்குத் தெரியாது.

எப்.சி. விஷயம் இன்னும் கஷ்டம். 8 வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எப்.சி. 15 வயதைத் தாண்டினால் கட்டணமும் எகிறும். ஏலத்துக்கு வரும் ராணுவ லாரி பெரும்பாலும் வயசான வண்டிதானே!

அளவுக்கு மீறி ஏற்றினால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம். அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2 ஆயிரம். "பட்டாளத்து வண்டி, தாங்கும்" என்று செக்போஸ்ட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

இதில் யாருக்கு அடி விழும் தெரியுமா?

இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவர் மேல் ஏறிவிட்டது என்று வையுங்கள். நஷ்ட ஈட்டை வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கையிலிருந்து கட்ட வேண்டும். லட்சக்கணக்கில் வரும்.

பழவேற்காட்டில் "பாடு" என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. எந்தக் குடும்பம் எந்த நாள் ஏரியில் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊரே கூடி முறை வைக்கும். சண்டை வராமல் காக்கிற கணக்கு அது. அப்படி ஊர்ப் பொதுவில் பணம் போட்டு ஒரு லாரி வாங்கினால்? லாபத்தைப் பங்கு போடுவது சுலபம். ஆர்.சி. புக்கில் யார் பெயர்? விபத்தில் கோர்ட்டு சம்மன் யாருக்கு? ஒருவர் தலையில் விழுந்தால் அவர் வீடு, படகு, வலை எல்லாம் போகும். ஊர்ப் பணத்தில் வாங்கிய வண்டிக்கு ஒரு குடும்பம் பலியாகும்.

சரி, என்னதான் வழி?

வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள்.

ஒன்று: டிரெய்லர் ஆசையை விடுங்கள். சுமை லாரியைச் சுமை லாரியாகவே ஓட்டுங்கள். அதற்குத்தான் அதைச் செய்தார்கள்.

இரண்டு: வின்ச் உள்ள வண்டியானால் யோகம்! பட்டாளத்து லாரிகள் சிலவற்றில் முன்னால் இரும்புக் கயிறு சுற்றும் உருளை இருக்கும். லாரியைக் கெட்டியான தரையில் நிறுத்துங்கள். படகுக்கு அடியில் உருளைக் கட்டை போடுங்கள். கயிற்றைக் கட்டி மெல்ல இழுங்கள். லாரி மணலில் இறங்கவே வேண்டாம். ஒரே ஜாக்கிரதை: கயிறு இழுபடும்போது பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. அறுந்தால் சவுக்கு மாதிரி வீசும். காலை வெட்டிவிடும்.

மூன்று: சென்னைக் கடற்கரைக் குப்பங்கள் பலவற்றில் டிராக்டர் ஃபைபர் படகைத் தள்ளுவதைப் பார்க்கலாம். குட்டி டிராக்டருக்கு உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். ஜபல்பூருக்கு ஓட வேண்டாம். ஆனால் விவசாய டிராக்டரை வாடகைச் சரக்குக்கு ஓட்டினால் அதற்கும் தனிப் பதிவு வேண்டும். பிரேக் இல்லாத டிராக்டர் டிரெய்லரை மெயின் ரோட்டுக்கு ஏற்றுவதும் அதே பாவம்தான்.

நான்கு: டிரெய்லர்தான் வேண்டும் என்றால், இழுக்கவே செய்த சிவிலியன் லாரியைப் பழையதாக வாங்குங்கள். பின், பிரேக், லைட் மூன்றும் அப்படியே பொருந்தும்.

இவ்வளவுக்குப் பிறகும் பட்டாளத்து வண்டிதான் என்று மனசு கேட்காவிட்டால், பணம் கட்டும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள்.

21-ம் நம்பர் படிவம் அசல் இருக்கிறதா? கிங் பின் 2 அங்குலமா? டிரெய்லருக்குக் காற்று போகிறதா? கரண்ட் எத்தனை வோல்ட்? யார் பெயரில் ஆர்.சி.?

ஒரு கேள்விக்குப் பதில் இழுத்தாலும் அட்வான்சைக் கொடுக்காதீர்கள்.

பொன்னேரி ரோட்டில் ஏற்கனவே லாரி போதும் போதும் என்று ஓடுகிறது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் வந்த பிறகு இந்தப் பக்கத்து ஜனங்கள் டிரெய்லர் என்றாலே ஒதுங்கி நடக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பிரேக் அவிழ்த்த டிரெய்லர் ஒன்றும் சேர வேண்டாம்.

எல்லையில் காவல் நின்ற வண்டி, ஓய்வு பெற்ற பிறகு ஊர்க்காரன் உயிரை எடுக்கலாமா? ஏலத்தில் கை தூக்கும் முன் இதை யோசியுங்கள்!